எங்கள் வீட்டுக் குழு: தாத்தா கொடி

நான், காலை 6:50
[படம்]
அத்தை, வெற்றிலைக் கொடியைப் பாருங்கள். அடி இலை நாலும் ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிட்டன. நுனியில் வரும் இலை ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கிறது. இரண்டு வேளையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன்.

சோழவந்தான் அத்தை, 7:05
தொட்டிக்கு அடியில் தட்டு தெரிகிறதே. அதில் தண்ணீர் நிற்கிறதா பாப்பா?

நான், 7:06
ஆமாம். பால்கனியில் ஒழுகினால் கீழ் வீட்டில் சத்தம் போடுகிறார்கள், அதனால் வைத்தேன்.

சோழவந்தான் அத்தை, 7:09
முதலில் அதை எடு. வெற்றிலைக்கு ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் வெட்டுவது பாய்ச்சுவதற்கு மட்டுமில்லை, வடிப்பதற்கும்தான்.

திருச்சி சித்தப்பா, 7:20
மண்ணை ஒட்டி இருக்கும் தண்டைத் தொட்டுப் பாரம்மா. கறுத்திருக்கிறதா?

நான், 7:24
அரை அங்குலம் கறுப்பாக இருக்கிறது சித்தப்பா. அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.

திருச்சி சித்தப்பா, 7:27
பெரும்பாலும் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமியால் வரும் அழுகலாக இருக்கும். கொடிக்காலையே காலி செய்யும் வாடல் நோய்க்கும் அதுதான் காரணம். நீர் தேங்கிய மண்ணில் வேகமாகப் பரவும்.

கோவை அண்ணன், 7:31
நர்சரியில் வெற்றிலைக் கன்று கிடைக்கிறதே. இதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துவிடேன்.

நான், 7:32
வேண்டாம் அண்ணா. இது தாத்தா கொடி.

சோழவந்தான் அத்தை, 7:40
அவள் சொல்வது சரிதான். வெற்றிலையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, துண்டு வெட்டித்தான் நடுவார்கள். அப்பா கொடிக்காலைக் கைவிட்ட வருடம் நாலு துண்டு கொண்டுவந்து நம் கிணற்றடியில் ஊன்றினேன். அதில் வெட்டியதுதான் அவளிடம் இருப்பது. அப்பா அகத்தியில் ஏற்றிக் கட்டினாரே, அதே கொடிதான் இன்னும் இடம் மாறி வளர்ந்துகொண்டிருக்கிறது.

கோவை அண்ணன், 7:44
இது எனக்குத் தெரியாது அத்தை. 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நம் வீட்டில் ஒரு கொடிகூட மிஞ்சவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

திருச்சி சித்தப்பா, 7:52
மேல் பகுதி நன்றாக இருந்தால் காப்பாற்றிவிடலாம். கத்தியைச் சூடு காட்டித் துடைத்துக்கொள். கறுப்புக்கு வெகு மேலே, நாலு கணு உள்ள துண்டுகளாக வெட்டு. இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். பழைய மண் ஒரு பிடிகூட வேண்டாம். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம பங்கு கலந்து, அதில் அழுகல் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கொஞ்சம் சேர். துளிர் வரும்வரை வேறு எந்த உரமும் போடாதே.

நான், 7:55
சரி சித்தப்பா. இலை சிறுத்ததற்கும் அழுகல்தான் காரணமா?

சோழவந்தான் அத்தை, 8:03
அது மட்டுமில்லை. கொடியை ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டிருக்கிறாய். ஒவ்வொரு கணுவிலும் பொடி வேர் வரும், பார்த்திருப்பாய். அது பற்றிக்கொள்ள ஈரமான, சொரசொரப்பான இடம் வேண்டும். பற்றி ஏற ஏறத்தான் இலை அகலும். வெயிலில் காயும் இரும்புக் கம்பியில் வேர் எப்படிப் பிடிக்கும்? அகத்தியை முதலில் விதைத்து வளரவிட்டு அப்புறம்தான் கொடி நடுவோம். பற்றுவதற்கும் அதுதான், நிழலுக்கும் அதுதான்.

நான், 8:05
தொட்டியில் அகத்தி வைக்க முடியாதே அத்தை.

சோழவந்தான் அத்தை, 8:11
நாலடிக் குழாய் ஒன்றில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி நடு. தினமும் அந்தக் கயிற்றை நனை. தொட்டிக்கு மேல்மண் காய்ந்த பிறகு விட்டால் போதும். கணு கயிற்றில் படும்படி வாழைநாரால் தளர்வாகக் கட்டு. மேற்கு வெயில் அடிக்கிற பால்கனி உன்னுடையது, பச்சை வலை கட்டாமல் விடாதே.

கோவை அண்ணன், 8:14
குழாய் உச்சிக்குப் போன பிறகு நுனியை வெட்டிவிடலாமா?

சோழவந்தான் அத்தை, 8:22
வெட்டாதே, இறக்கிக் கட்ட வேண்டும். அதற்குள் அடித்தண்டு இலை பறித்து மொட்டையாகியிருக்கும். கட்டை அவிழ்த்து, அந்த மொட்டைத் தண்டை வளையமாகச் சுருட்டி மண்ணில் புதைத்துவிட்டு, நுனியை மட்டும் திரும்ப ஏற்று. புதைந்த கணுவிலெல்லாம் வேர் விட்டுக் கொடிக்குப் புதுத் தெம்பு வரும். அப்பா இதற்கு ஆள் வைத்தாலும் கூடவே நின்று பார்ப்பார். தண்டு முறிந்தால் சாப்பாடு இறங்காது அவருக்கு.

*ஐந்து வாரம் கழித்து*

நான், மாலை 5:40
[படம்]
மூன்று துண்டு நட்டேன். ஒன்று கறுத்துவிட்டது. மற்ற இரண்டும் துளிர்த்துவிட்டன! ஒன்றில் கணு வேர் கயிற்றைப் பிடித்திருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொன்று அண்ணனுக்கு.

கோவை அண்ணன், 5:48
பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன். குழாயும் கயிறும் இப்போதே வாங்கிவிடுகிறேன்.

சோழவந்தான் அத்தை, 6:02
வேர் நன்றாகப் பிடித்திருக்கிறது, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இலை இரண்டு பெரிதானதும் பறித்துவிடாதே பாப்பா. கொடி இடுப்பு உயரம் ஏறட்டும்.

நான், 6:04
தொட மாட்டேன் அத்தை. வெள்ளிக்கிழமை விளக்குக்கு இப்போதைக்குக் கடை வெற்றிலைதான்.