ஜெனரிக் டைப்: எது வரை பொதுவாக்குவது?

கேள்வி (பட்டர்வொர்த்)

வணக்கம். ரேப்பிட் பினாங்கு பஸ் நேரத்தைத் தமிழில் காட்டும் ஒரு ஓப்பன் சோர்ஸ் செயலியை நானும் இரண்டு நண்பர்களும் கோ மொழியில் எழுதி வருகிறோம். தரவு, மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்திலுள்ள ஜிடிஎஃப்எஸ் (பொதுப் போக்குவரத்து அட்டவணைக்கான பொது வடிவம்) கோப்புகள். நிறுத்தம், வழித்தடம், பயணம் மூன்றுக்கும் கோப்பைப் படித்து, மேப்பில் (சாவி, மதிப்பு ஜோடிகளை வைக்கும் அமைப்பு) போட்டு, ஐடியை வைத்துத் தேடும் அதே கோட் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்றில் பிழையைத் திருத்தினால் மற்ற இரண்டை மறந்துவிடுகிறோம். சரி என்று எல்லாவற்றையும் எந்த டைப்பையும் ஏற்கும் காலி இண்டர்ஃபேஸாக மாற்றினேன், கம்பைல் ஆனது, ஆனால் கொம்தார் நிறுத்தத்தைத் தேடினால் பேனிக் ஆகி ஓட்டம் நின்றுவிடுகிறது, பார்த்தால் வழித்தடத்தை நிறுத்தமாக எடுத்திருக்கிறேன். உதவ வந்த தம்பி ஒருவர் எதற்குள் என்ன இருக்கிறதென்றே புரியவில்லை என்று போய்விட்டார். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஜெனரிக், அதாவது டைப்பைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் பொதுக் கோட், வைத்தால் சரியாகுமா?

பதில் (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ஆகும். 2022 மார்ச்சில் வந்த கோ 1.18இலிருந்தே ஜெனரிக் இருக்கிறது. ‘கிடங்கு’ என்று ஒரே டைப் எழுதுங்கள், சாவிக்கு கம்பேரபிள் (சமமா என்று ஒப்பிடக்கூடிய டைப்), மதிப்புக்கு எனி (எந்த டைப்பும்). நிறுத்தக் கிடங்கில் வழித்தடத்தைப் போட்டால் கம்பைலரே தடுத்துவிடும். அப்புறம், 1.21இல் ஸ்லைசஸ், மேப்ஸ் பேக்கேஜ்கள் இரண்டும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு வந்துவிட்டன, வரிசைப்படுத்தும் கோடைச் சொந்தமாக எழுதியிருந்தால் தூக்கிவிடுங்கள்.

பதில் (பாயான் லெப்பாஸ்)

அண்ணன் சொன்னது சரி, ஆனால் அடுத்து நிறுத்த நேரங்களையும் அதே கிடங்கில் போடத் தோன்றும், அங்கேதான் கவனம் வேண்டும். அவற்றுக்கு வரிசை முக்கியம். நள்ளிரவு தாண்டும் பஸ்ஸுக்கு ஜிடிஎஃப்எஸ்ஸில் 25:10:00 (மறுநாள் அதிகாலை 1:10) என்றுகூட நேரம் வரும். இதற்கெல்லாம் கிடங்கில் ‘வரிசைப்படுத்து’, ‘நேரம் சரிபார்’ என்று ஒவ்வொரு பூலியனாக (ஆம்/இல்லை அமைப்பாக) சேர்த்தால் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது. நான் சி மொழியில் ஃபர்ம்வேர் எழுதுபவன், லினக்ஸ் கெர்னலின் பட்டியலைப் பாருங்கள்: லிஸ்ட் ஹெட்டில் இருப்பது நெக்ஸ்ட், ப்ரீவ் என இரண்டே பாயின்டர்கள். அதைத் தன் ஸ்ட்ரக்டுக்குள் வைத்துக்கொள்வது பயன்படுத்துபவர் வேலை, வெளி ஸ்ட்ரக்டைத் திரும்ப எடுக்க கன்டெய்னர் ஆஃப் மேக்ரோ இருக்கிறது. பட்டியலில் நிற்பது டிவைஸா ப்ராசஸா என்று பட்டியல் கோடுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் கிடங்கும் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

அப்படியானால் நிறுத்த நேரங்களை எங்கே வைப்பது?

பதில் (பாயான் லெப்பாஸ்)

அதே கிடங்குதான், பயண ஐடி சாவி, நேரங்களின் ஸ்லைஸ் (வரிசையான பட்டியல்) மதிப்பு. வரிசைப்படுத்துவதும் 24 மணி தாண்டுவதைக் கவனிப்பதும் ஜிடிஎஃப்எஸ் படிக்கும் பேக்கேஜில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா, இருவருக்கும். முதல் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) நிறுத்தங்களை மட்டும் மாற்றுகிறேன். அந்தத் தம்பியையே படித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.