விண்டோஸ் எக்ஸ்பி இருந்த இடத்தில் ரியாக்ட்ஓஎஸ் போடலாமா? அது ஏன் இன்னும் ஆல்ஃபாவிலேயே நிற்கிறது?

எடைமேடை_நாமக்கல்:

எங்கள் எடை மேடையில் ஓடுவது விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எழுதிய ஒரு பழைய சாஃப்ட்வேர். லாரி ஏறி நின்றதும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வரும், காலி வண்டி எடையைக் கழித்து நிகர எடை போடும், டாட் மேட்ரிக்ஸில் சீட்டு அடிக்கும், அவ்வளவுதான் அதற்கு வேலை. எழுதிக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது, சோர்ஸ் கோடு எங்களிடம் கிடையாது. அது ஓடுகிற எக்ஸ்பி மெஷினில் இப்போது ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. புது மெஷினில் விண்டோஸ் 11 வைத்துப் பார்த்தோம், முதல் திரையிலேயே எர்ரர் காட்டி மூடிக்கொள்கிறது.

தேடியதில் ரியாக்ட்ஓஎஸ் கண்ணில் பட்டது. விண்டோஸ் மாதிரியே எழுதப்பட்டது, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ் புரோகிராமும், கருவிகளை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேரும் அப்படியே ஓடும் என்கிறார்கள், வீடியோவில் பார்த்தால் பழைய விண்டோஸேதான். இதைப் போட்டால் வேலை முடிந்துவிடுமா? அப்புறம் இன்னொரு சந்தேகம், கிட்டத்தட்ட முப்பது வருடமாக நடக்கிற வேலை ஏன் இன்னும் ஆல்ஃபா, அதாவது ஆரம்பச் சோதனை நிலை? அதற்குள் லினக்ஸ் எங்கேயோ போய்விட்டதே, ஆள் பற்றாக்குறை மட்டும்தானா காரணம்?

வைன்குடம்:

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: போடாதீர்கள் சார். தினசரி வேலைக்கு இன்னும் தயாரில்லை, சோதித்துப் பார்க்க மட்டும்தான் என்று அதை எழுதுகிறவர்களே சொல்கிறார்கள். 0.4.14 வந்தது 2021 டிசம்பரில், அதற்கு அடுத்த 0.4.15 வந்தது 2025 மார்ச்சில், அந்த வேகத்தில்தான் போகிறது. விண்டோஸ் விழும்போது வருகிற நீலத்திரையையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறார்கள், வெளியே லாரிகள் வரிசையில் நிற்கும்போது அது வந்தால் டிரைவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் வேலைக்கு லினக்ஸில் வைன் (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுகிற சாஃப்ட்வேர்) போதும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று தெரிய வேண்டும். அந்த சாஃப்ட்வேருக்கு டாங்கிள், அதாவது செருகினால்தான் ஓடும் என்கிற பூட்டுக் கருவி, ஏதாவது இருக்கிறதா? பேரலல் போர்ட்டில் செருகுகிற மாதிரி? இருந்தால் அதன் டிரைவர் கெர்னலுக்குள் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) உட்கார்வது, வைனில் பெரும்பாலும் வேலை செய்யாது.

கெர்னல்கிறுக்கன்:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். ஆள் குறைவுதான், மறுக்கவில்லை, ஆனால் அது பாதிக் கதை.

இந்தப் புராஜெக்ட் 1996-இல் ஃப்ரீவின்95 என்ற பெயரில் ஆரம்பித்தது, இலக்கு விண்டோஸ் 95. எப்படிக் கட்டலாம் என்று பேசிப் பேசியே காலம் ஓடியது, 1997 முடியும்வரை ஒன்றும் வெளிவரவில்லை. 1998-இல் தூசி தட்டி, பெயரை மாற்றி, இலக்கை விண்டோஸ் என்டி பக்கம் திருப்பினார்கள். சிடியிலிருந்தே பூட் ஆகிற முதல் வெளியீடான 0.1.0 வந்தது 2003-இல். இப்போது குறி விண்டோஸ் சர்வர் 2003, அதாவது என்டி 5.2.

லினக்ஸோடு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யூனிக்ஸ் வெளியே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த தரம் இருந்தது, உள்ளே எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ரியாக்ட்ஓஎஸ் டிரைவர்களையும் அப்படியே ஓட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது, அதனால் கெர்னலின் உள் அமைப்பே ஒத்துப்போக வேண்டும். ஏதாவது ஒரு டிரைவர், ஆவணத்தில் எங்குமே இல்லாத ஒரு கட்டமைப்பின் நடுவில் குறிப்பிட்ட பைட்டில் ஒரு எண் இருக்கும் என்று நம்பி எட்டிப்பார்க்கும், அது அங்கே இல்லையென்றால் முழு சிஸ்டமும் விழும்.

பிழைகளையும் நகலெடுக்க வேண்டும் என்பது இதைவிடப் பெரிய தலைவலி. சிம்சிட்டி விளையாட்டில் ஒரு தவறு இருந்தது, விடுவித்துவிட்ட மெமரியையே மறுபடி படிக்கும். பழைய சிஸ்டத்தில் அந்த இடத்தை உடனே வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 95 வந்ததும் விழ ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா, ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமாம் என்றால் மெமரியை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும்படி விண்டோஸுக்குள்ளேயே எழுதிவிட்டது. இப்படிப்பட்ட ஒட்டுவேலைகள் உள்ளே எத்தனை இருக்கின்றனவோ, சோர்ஸ் கோடு கையில் இருப்பவனுக்கே அது பாரம், வெளியிலிருந்து தடவிப் பார்த்து எழுதுகிறவன் என்ன செய்வான்?

அந்த சோர்ஸ் கோடைப் பார்க்கவும் கூடாது. பைனரியை, அதாவது ஓடத் தயாரான புரோகிராம் ஃபைலை, பிரித்துப் பார்ப்பவர் அது என்ன செய்கிறது என்று குறிப்பு மட்டும் எழுத வேண்டும், அந்தக் குறிப்பை வைத்து வேறொருவர் கோடு எழுத வேண்டும், இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. 2006 ஜனவரியில், சில பகுதிகள் விண்டோஸ் பைனரியைப் பிரித்தெடுத்த கோடை (டிஸ்அசெம்பிளி) பார்த்து எழுதப்பட்டவை என்று உள்ளிருந்தே ஒரு குற்றச்சாட்டு வந்தது. கோடு களஞ்சியத்தைக் கொஞ்ச காலம் மூடிவிட்டு, இருந்த கோடு முழுவதையும் தணிக்கை செய்ய உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே ஆமை வேகம், அதற்கு மேல் இது. 2004-இல் விண்டோஸ் 2000 கோடில் ஒரு பகுதி கசிந்தது, 2020-இல் எக்ஸ்பியும் சர்வர் 2003-ம் கசிந்தன. வெளியே இருப்பவர்களுக்கு அது புதையல் மாதிரித் தோன்றும், இவர்களுக்கோ அதைப் பார்த்தவர் யாரையும் உள்ளே விட முடியாது. வைன் ஆட்கள் ரியாக்ட்ஓஎஸ் பக்கமிருந்து கோடு வாங்கவே தயங்குவார்கள். எதிர்ப்பக்கம் மட்டும் தாராளம், ரியாக்ட்ஓஎஸ்ஸின் டிஎல்எல்களில் (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி ஃபைல்கள்) பல வைனிலிருந்து வருபவைதான்.

அந்த வைனே 1993-இல் தொடங்கி 1.0 தொட 2008 ஜூன் ஆனது. அதற்குக் கெர்னலும் கிடையாது, டிரைவரும் கிடையாது.

மஞ்சள்தாவல்:

இதைப் படித்தால் கமர்ஷியல் ஓஎஸ்ஸைத் திரும்ப எழுதுவதே நடக்காத காரியம் என்று தோன்றும். பீஓஎஸ்ஸைத் திரும்ப எழுதிய ஹைக்குவை ஏன் யாரும் பேசவில்லை?

ஆப்பிளை விட்டு வெளியேறிய ழான்-லூயி கஸ்ஸே தொடங்கிய பீ நிறுவனத்தின் ஓஎஸ்தான் பீஓஎஸ். 1996-இல் ஆப்பிளே அதை வாங்கப் பார்த்தது, விலை படியவில்லை, கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கி அவரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போனது. 2001 ஆகஸ்டில் பீயின் சொத்துகள் வெறும் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு, கையடக்கக் கருவிகள் செய்த பாம் நிறுவனத்தின் கைக்குப் போயின. அதே மாதம் ரசிகர்கள் ஓப்பன்பீஓஎஸ் என்று ஆரம்பித்ததுதான் 2004-இல் ஹைக்கு ஆனது. கெர்னலுக்கு, பீயில் முன்பு வேலை பார்த்த ஒருவர் தனியாக எழுதிவைத்திருந்த நியூஓஎஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள். ஃபைல் மேனேஜரான டிராக்கரின் சோர்ஸை பீயே மூடுவதற்கு முன்பு திறந்துவிட்டிருந்தது.

32 பிட் ஹைக்குவில் 2000-ஆம் வருட பீஓஎஸ் பைனரி இன்றும் ஓடும். அதற்காக அவர்கள் கொடுக்கிற விலையைப் பாருங்கள், ஜிசிசி 2.95 என்கிற கிழட்டுக் கம்பைலரை (சோர்ஸ் கோடைப் பைனரியாக மாற்றுவது) இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஜிசிசி 3 வந்தபோது சி++ பைனரி அமைப்பே மாறிவிட்டது, புதியதில் கட்டின லைப்ரரியோடு பழைய புரோகிராம் ஒட்டாது. புதிய கம்பைலரில் கட்டின லைப்ரரிகளும் பக்கத்திலேயே இருக்கும், ஒரே சிஸ்டத்தில் இரண்டு தொகுதி.

பயன்படுத்திப் பார்த்தால்தான் அருமை புரியும். ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல், அனுப்பியவர், பொருள், தேதி எல்லாம் அந்த ஃபைலின் பண்புகள், அதனால் மெயில் புரோகிராமைத் திறக்காமலேயே ஃபோல்டரில் அனுப்பியவர் வாரியாக வரிசைப்படுத்தலாம். தேடலை ஒரு ஃபைலாகச் சேமித்துவைத்தால் புது மெயில் வர வர அதில் தானே சேர்ந்துகொள்ளும். தொண்ணூறுகளின் பீஓஎஸ்ஸிலேயே இருந்த வசதி இது.

கெர்னல்கிறுக்கன்:

அண்ணே, ஹைக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதுவும் 2018-இல்தான் முதல் பீட்டா, 2024 செப்டம்பரில் ஐந்தாவது பீட்டா, ஆர்1 என்கிற முதல் முழு வெளியீடு இன்னும் வரவில்லை. அதைக்கூட விடுங்கள். பீஓஎஸ் புரோகிராமை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர் இன்று யார் இருக்கிறார்? யாரும் இல்லை என்பதால்தான் ஹைக்குவால் விருப்பம்போல் விலக முடிந்தது. 64 பிட் பதிப்பில் பழைய பைனரி ஓடாது, யாரும் சண்டைக்கு வரவில்லை. க்யூடி ஆப்கள், லிப்ரேஆஃபீஸ் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். அது வேறொரு நல்ல ஓஎஸ்ஸாக மாறிவிட்டது, நகல் என்கிற பொறுப்பு குறைந்துவிட்டது. ரியாக்ட்ஓஎஸ் விலகினால் அது இருப்பதற்கே காரணம் இல்லை.

மஞ்சள்தாவல்:

சர்வர் 2003-ம் செத்த ஓஎஸ்தானே, இனி மாறப்போவதில்லை. அசையாமல் நிற்கிற குறியை அடிக்க முடியாதா?

கெர்னல்கிறுக்கன்:

குறி நிற்கிறது, மதர்போர்டு நிற்கவில்லையே. என்டி 5.2-க்கு எழுதிய டிரைவர் ஓடும் என்பதுதான் வாக்கு, ஆனால் இன்று கடையில் வாங்குகிற லேப்டாப்பின் வைஃபைக்கு அந்தக் காலத்து டிரைவர் எவன் எழுதுகிறான்? அதனால் விண்டோஸ் 7 காலத்து டிரைவர்களுக்கும் வழி செய்யப் பார்க்கிறார்கள், மறுபடி குறி நகர்கிறது. எனக்குத் தெரிந்து உண்மையான பயன் ஒரே இடத்தில்தான், பழைய லேப் கருவி, தொழிற்சாலை கார்டு மாதிரி, டிரைவர் எக்ஸ்பிக்கு மட்டும் இருந்து, வைனால் தொட முடியாதவை. அங்கே அது ஒரு நாள் கைகொடுக்கலாம். எடை மேடைக்கு அது தேவையில்லை.

எடைமேடை_நாமக்கல்:

நீங்கள் இருவரும் பேசியதில் பாதிதான் புரிந்தது, ஆனால் சிம்சிட்டி கதை பிரமாதம்.

டாங்கிள் எதுவும் இல்லை. ஒரு எக்ஸ்இ, அமைப்புகள் இருக்கிற ஒரு ஐஎன்ஐ ஃபைல், தரவு இருக்கிற ஒரு எம்டிபி ஃபைல், அவ்வளவுதான். சீட்டின் தலைப்பில் மேடை பெயர் தமிழில் வரும், அது யூனிகோடு இல்லை, பழைய டாம் எழுத்துரு.

வைன்குடம்:

டாங்கிள் இல்லையென்றால் நல்ல செய்தி. வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் காப்பி எடுங்கள், சத்தம் போடுகிற டிஸ்க் சொல்லிக்கொண்டு போகாது.

அப்புறம் லினக்ஸ் மெஷினில் வைன் போட்டு, வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக் கருவி வழியாக விபி6 ரன்டைமும் ஜெட் 4.0-ம் ஏற்றுங்கள், எம்டிபி திறக்க ஜெட் வேண்டும். விபி6-இல் சீரியல் போர்ட் பேச எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் என்ற ஃபைலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள், அதை எக்ஸ்பியின் சிஸ்டம்32-இலிருந்து எடுத்துவந்து ரெக்சர்வர்32 கொண்டு பதிவுசெய்ய வேண்டும். விண்டோஸ் 11-இல் வந்த எர்ரர்கூட இது இல்லாததால்தான் என்று சந்தேகப்படுகிறேன், எர்ரர் வாசகத்தை அப்படியே போடுங்கள். உங்கள் லினக்ஸ் யூசரை டயல்அவுட் குரூப்பில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் போர்ட் இருந்தும் திறக்காது. யூஎஸ்பி சீரியல் கேபிள் போட்டால் காம் எண் மாறலாம், ஐஎன்ஐயில் எந்த காம் என்று பார்த்து, வைன் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பெயரை அந்த கேபிளோடு இணைத்துவிடுங்கள்.

எழுத்துருவை வைனின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸில் போட்டால் போதும். ஆனால் லினக்ஸின் மொழியைத் தமிழில் வைக்காதீர்கள், அமெரிக்க ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். டாம் எழுத்துருவில் பல தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது 128-க்கு மேல் உள்ள லத்தீன் இடங்களில், கோடுபக்கம் (எந்த எண் எந்த எழுத்து என்கிற அட்டவணை) மாறினால் மேடை பெயர் கேள்விக்குறிகளாக அச்சாகும்.

இது எதுவும் சரிவரவில்லையென்றால் எக்ஸ்பியையே விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுகிற சாஃப்ட்வேர்) போட்டு, சீரியல் போர்ட்டை உள்ளே கொடுத்து ஓட்டலாம். நெட் மட்டும் கொடுக்காதீர்கள், 2014 ஏப்ரலோடு அதற்கு பேட்ச் நின்றுவிட்டது.

சீரியல்போர்ட்:

கேபிள் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான போலி சிப் கேபிளில் பாதி நேரம் எடை குப்பையாக வரும், அப்புறம் வைனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இண்டிகேட்டர் பேசுகிற வேகம் (பாட் ரேட்) 2400-ஆ 9600-ஆ என்று ஐஎன்ஐயில் இருக்கும், சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் லினக்ஸில் சீரியல் போர்ட்டில் வருவதைக் காட்டுகிற மினிகாம் போட்டு எண்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

எடைமேடை_நாமக்கல்:

ஃபோல்டர் காப்பி ஆகிவிட்டது. விண்டோஸ் 11-இல் வந்த எர்ரரும் நீங்கள் சொன்ன அதே எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் இல்லை என்பதுதான் சார், ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தேன். அப்படியானால் லினக்ஸுக்கே போகாமல் அந்த ஃபைலை விண்டோஸ் 11-இல் பதிவுசெய்து பார்க்கலாமா?

வைன்குடம்:

தாராளமாக. 64 பிட் விண்டோஸ் என்றால் சிஸ்டம்32-இல் போடாதீர்கள், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டு, அங்கே இருக்கும் ரெக்சர்வர்32-ஐ அட்மினாக ஓட்டுங்கள். ஓடினால் சொல்லுங்கள், இந்த இழையின் தலைப்பை மாற்றிவிடலாம்.