புதுப்பிப்பு: மலேரியா மருந்துகளும் எலிகளின் இரத்தமும், முன்பு எழுதியதில் ஒரு திருத்தம்

மலேரியா மருந்து கொடுக்கப்பட்ட ஆய்வக எலிகளில் ஹீமோகுளோபின் குறைவதைப் பற்றி முன்பு எழுதியபோது, மருந்து சிவப்பணுக்களை உடைக்கிறது என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். உடைகிறதா, உற்பத்தியே குறைகிறதா என்று ஒருவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. என் முடிவு அவசரமானது.

பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் சில சேர்மங்கள் சிவப்பணுக்களை ஆக்ஸிஜனேற்றத்தால் சேதப்படுத்துகின்றன. சேதமடைந்த அந்த அணுக்களை வடிகட்டி அகற்றும் மண்ணீரல் வீங்குகிறது, எலும்பு மஜ்ஜையோ இழப்பை ஈடுகட்ட இளம் சிவப்பணுக்களை விரைந்து அனுப்புகிறது. ஆர்ட்டிசுனேட் என்ற மற்றொரு மலேரியா மருந்தின் வழி வேறு. அது மஜ்ஜையில் உருவாகிக்கொண்டிருக்கும் முன்னோடி அணுக்களைத் தாக்குவதால் இளம் அணுக்களின் எண்ணிக்கை முதலில் சரிகிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீள்கிறது. ஹீமோகுளோபின் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆகவே இப்போது நியூ மெத்திலீன் புளூ சாயமிட்ட இரத்தப் பூச்சுகளையும் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய இரத்தம்) பார்க்கிறேன். முதிர்ந்த அணுக்கள் வெளிறித் தெரிய, இளம் அணுக்களுக்குள் மட்டும் ஆர்என்ஏ எச்சம் நீல நூல்வலை போலப் படிந்திருக்கிறது; அதை எண்ணுவது கண்ணை வருத்தும் வேலை, ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது.

எலியின் சிவப்பணு ஏறத்தாழ 60 நாட்கள் வாழ்வதால், ஒரு வார ஆய்வில் மஜ்ஜையின் பாதிப்பு ஹீமோகுளோபினில் முழுமையாகத் தென்படாது. அடிக்கடி இரத்தம் எடுப்பதும், எலிகளுக்கு மலேரியா உண்டாக்கும் ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கெய்யின் தொற்றும் தாமாகவே சோகையை உண்டாக்கும். மருந்து பெறாமல், அதே அளவு இரத்தம் எடுக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு முன்பு எழுதியதில் நான் தந்த அட்டவணையில் இல்லை. அந்த அட்டவணையை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.