எல்டாக்குக்கு (LTACH, ரொம்ப நாள் தீவிர சிகிச்சை தேவைப்படறவங்களுக்கான ஆஸ்பத்திரி) மாத்தின அனுபவம் யாருக்காவது இருக்கா? (அமெரிக்கா)

ஹூஸ்டன்வாசி:
அப்பாவுக்கு நிமோனியா. ஐசியூல 19 நாள், ட்ரேக் (கழுத்துல துளை போட்டு வைக்கற மூச்சுக்குழாய்) போட்டாச்சு, வென்ட்டை (வென்டிலேட்டர்) விட்டு வர முடியல. வியாழக்கிழமை மத்தியானம் கேஸ் மேனேஜர் மூணு ஆஸ்பத்திரி பேர் இருந்த தாளை நீட்டி, நாளைக்குள்ள ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. எல்டாக்ங்கற வார்த்தையே அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸ். ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறப்ப அப்பா விரலை ஆட்டி வெள்ளைப் போர்டைக் கேட்டார். கோணல்மாணலா "வீட்டுக்கா?"ன்னு எழுதினார். நான் "ஆமாம்பா"ன்னுட்டேன்.

அங்க 25 நாள்தான் வெச்சுப்பாங்களாமே, அப்புறம் எங்க போறது?

கத்திரிவெயில்:
எங்க மாமியாருக்கு வென்ட் இல்ல, படுக்கைப் புண். எலும்பு தெரியற ஆழம். ஐவி ஆன்டிபயாடிக், வேக்யூம் டிரெஸ்ஸிங் (புண்ணுல ஊறற நீரை உறிஞ்சற கட்டு), எல்டாக்ல ஆறு வாரம். மதுரைல நாத்தனார்கிட்ட "பயப்படாதீங்க, நர்சிங் ஹோம் இல்ல, ஆஸ்பத்திரிதான்"னா, "நர்சிங் ஹோம்னா என்ன குறைச்சல், நீ பொறந்ததே அங்கதானே"ங்கறாங்க! இங்க அது முதியோரைக் கொண்டுபோய் விடற இடம்னு விளக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு.

திங்கள்கிழமை திங்கள்கிழமை ஸ்கேல் வெச்சு புண்ணை அளப்பாங்க. அத்தை ஒருச்சாய்ச்சுப் படுத்துக்கிட்டு என் முகத்தையே பார்ப்பாங்க. அவங்களுக்கு நான்தான் ஸ்கேல். மூணாவது வாரம் கொஞ்சமும் குறையல. நான் சிரிச்சேன், அவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க.

டாலஸ்_மாமா:
25 நாள் வெச்சுப்பாங்கன்னு யார் சொன்னது? அது ஆஸ்பத்திரியோட சராசரி. நோயாளிங்க சராசரியா 25 நாளுக்கு மேல தங்கினாத்தான் மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) அதை எல்டாக்னு ஏத்துக்கும். உங்கப்பா 12 நாள்லயும் வெளிய வரலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்.

கத்திரிவெயில், வெறும் புண்ணுக்கு ஆறு வாரமா? முன்னாடி ஐசியூல குறைஞ்சது 3 நாள், இல்லேன்னா எல்டாக்ல 96 மணி நேரத்துக்கு மேல வென்ட். ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் மெடிகேர் அந்த ஆஸ்பத்திரிக்கு முழு ரேட் குடுக்கும். அதான் பல இடத்துல வேற கேஸ் எடுக்கவே யோசிக்கறாங்க.

ஹூஸ்டன்வாசி, அப்பாவுக்கு ஒரிஜினல் மெடிகேர்னா (அரசே நேரா நடத்தறது) நேரா மாத்தறப்ப டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி நாம கட்டற தொகை) மறுபடி கட்ட வேண்டாம். ஆனா நாள் கணக்கு தொடரும், ஐசியூ 19 நாளும் சேர்த்தி. 61வது நாள்ல இருந்து தினம் கைக்காசு, 2025ல 419 டாலர். அட்வான்டேஜ் பிளான்னா (தனியார் கம்பெனி நடத்தற மெடிகேர்) முன் அனுமதி வாங்கணும், மறுத்தா அப்பீல் பண்ணுங்க, விடாதீங்க. ராத்திரி எத்தனை ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் (வென்ட், மூச்சு சிகிச்சையைப் பார்த்துக்கறவங்க), எத்தனை பேரை வென்ட்ல இருந்து கழட்டறாங்க, டயாலிசிஸ் உள்ளேயே உண்டான்னு கேளுங்க. நேர்ல போய்ப் பாருங்க. லாபியைப் பார்க்காதீங்க, மூணு மணிக்கு அலாரம் அடிச்சா யார் ஓடறாங்கன்னு பாருங்க.

எங்க அண்ணனையும் வெச்சிருந்தோம். வரல.

கத்திரிவெயில்:
ஐசியூல 5 நாள், செப்சிஸ். கேக்காமயே கணக்குப் போடாதீங்க மாமா.

ரெண்டாம்ஷிஃப்ட்:
நான் எல்டாக்ல ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். வென்ட்டைக் கழட்டி ட்ரேக் காலர்ல (ட்ரேக் மேல ஆக்சிஜன் மட்டும் விடற மாஸ்க், மூச்சை அவங்களேதான் விடணும்) விடுவோம். இன்னைக்கு ஒரு மணி நேரம், நாளைக்கு ரெண்டு, நடுவுல காய்ச்சல் வந்தா மறுபடி பூஜ்யம். ஒரு மெக்சிகோ தாத்தாவுக்கு ஆறு வாரம் கழிச்சு ஸ்பீக்கிங் வால்வு (ட்ரேக்கோடயே பேச வைக்கற மூடி) போட்டேன். பிள்ளைங்க எல்லாம் போனைத் தூக்கி வீடியோ எடுக்கறாங்க. அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த டிவியை நிறுத்து." பக்கத்துக் கட்டில் டிவி. ஆறு வாரமா ராப்பகலா ஓடிட்டிருந்திருக்கு. எங்க யாருக்கும் தோணவே இல்ல.

ஹூஸ்டன்வாசி:
ரொம்ப நாள் கழிச்சு வரேன். 31வது நாள் வென்ட்டைக் கழட்டினாங்க, அப்புறம் ரீஹேப் (உடம்பைத் தேத்தற பயிற்சி), இப்ப வீட்லதான் இருக்கார். போர்டைக் கொண்டுபோய்க் காமிச்சேன். கண்ணாடி போட்டுட்டுப் பார்த்து, "இது என் கையெழுத்தே இல்லையேம்மா"ன்னார்.