ஈசிஆர் எதிர்காற்றில் சைக்கிள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருவான்மியூர்க்காரன்
சென்னையிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மகாபலிபுரம் வரை போய்த் திரும்புவது இங்கே எல்லோருக்கும் பழகியதுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி மாதம். போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ள, மீட்டரில் மணிக்கு 28, 29 கிலோமீட்டர் என்று ஓடியது. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில். முட்டுக்காடு பாலத்தில் 15-க்கு வந்துவிட்டது, தொடை பிடித்துக்கொண்டது.

அப்போது பக்கத்தில் ஓர் அக்கா வந்தார், ஐம்பது வயது இருக்கும். "கியரை இறக்குங்க தம்பி. என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். நான் அவர் பின்னால் நுழைந்ததும் காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கியது. அந்த நொடியை மறக்கவே முடியவில்லை. அதே கால்கள்தான், 22-ல் போகிறேன்! பள்ளம் வந்தால் விரலால் காட்டுவார், வேகம் குறைக்க உள்ளங்கையை விரிப்பார். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் கையசைத்துவிட்டு உள்தெருவில் திரும்பிவிட்டார். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக அவ்வளவு காற்றையும் தன் மேல் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை.

பல்லாவரம் மலையடி
அந்த அம்மா நல்லவர், சரி. ஆனால் புதியவர்கள் இதைப் படித்துவிட்டுத் தெரியாதவர் சக்கரத்தில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது. பனையூர் பக்கம் என் கண்ணெதிரே நடந்தது: நாய் குறுக்கே வர முன்னால் போனவர் பிரேக் பிடித்தார், பின்னால் வந்த பையனின் முன்சக்கரம் உரசியது, அடுத்த நொடி அவன் ரோட்டில் கிடந்தான். ஹெல்மெட் தார் ரோட்டில் தேய்ந்த சத்தம் இன்னும் கேட்கிறது.

வேகம் சொந்தக் காலில் வர வேண்டும். காற்றில்லாத நாளிலும், வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி 8 மடங்காகும். அதனால்தான் 20-லிருந்து 25-க்குப் போவது அவ்வளவு கஷ்டம். முதல் சில மாதம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் நிறைய நேரம் ஓட்டுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். தாங்கும் சக்தி அதில்தான் வளரும். கனமான கியரில் முக்கி மிதித்தால் முட்டி போய்விடும். லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதித்துப் பழகுங்கள். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் 3 நிமிடம் முழு மூச்சில், 3 நிமிடம் மெதுவாக, இப்படி நாலைந்து தடவை. நம் ஊரில் மேடு கிடையாது, எதிர்காற்றையே மேடாக நினைத்துக்கொள்ளலாம். டயரில் காற்றையும் வாரம் தவறாமல் பாருங்கள், குறைந்த காற்றோடு மிதிப்பது வீண் உழைப்பு.

வேளச்சேரி சைக்கிள் அம்மா
மலையடி சார், திருவான்மியூர்க்காரர் பயிற்சி அட்டவணை கேட்கவில்லையே! அந்த அக்கா ஒரு முழம் தள்ளித்தான் வரச் சொன்னார், கையால் சைகையும் காட்டினார். பழகியவர்கள் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

எனக்குக் காற்றைவிடப் பசிதான் எதிரி. வெறும் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். கோவளம் தாண்டியதும் கை நடுங்கியது, கண் இருட்டியது. இளநீர்க்காரரிடம் நிறுத்தி ஒன்று வெட்டச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். "இளநீர் அப்புறம். முதல்ல இதைச் சாப்பிடும்மா" என்று தன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினார். புளிசோறு. அவர் மதியத்துக்குக் கட்டிவந்தது. பாதியைச் சாப்பிட்டேன். காசு கொடுத்தேன், இளநீருக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

பல்லாவரம் மலையடி
அம்மா, கோபம் வேண்டாம், பையன் விழுந்ததைப் பார்த்த பயத்தில் எழுதினேன். நீங்கள் சொன்ன பசி விஷயம் மிகவும் முக்கியம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள், முக்கால் மணிக்கு ஒரு தரம் வாழைப்பழமோ கடலைமிட்டாயோ உள்ளே போகட்டும். நம் ஊர் வியர்வைக்கு வெறும் தண்ணீர் பத்தாது, ஒரு பாட்டிலிலாவது உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்துகொள்ளுங்கள்.