மைஎஸ்கியூஎல் 8.0: 'அல்லது' தேடலில் இன்டெக்ஸ் எடுக்கவில்லை

கல்முனையில் ஒரு நெல் ஆலையின் கணக்கு மென்பொருள்; தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். விவசாயி டேபிளில் சுமார் 4 லட்சம் பதிவுகள். அடையாள அட்டை எண், தொலைபேசி இரண்டும் வார்சார் (எழுத்து வகை). தனித்தனி இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) உண்டு. போன மாதம் மென்பொருளின் புதிய பதிப்பு போட்டதிலிருந்து, அட்டை எண் அல்லது தொலைபேசி என்று தேடினால் 3 செக்கனுக்கு மேல் போகிறது. எக்ஸ்பிளெயினில் (தேடல் எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) டைப் ஆல், கீ நல்; அதாவது இன்டெக்ஸ் இல்லாமல் முழு டேபிளையும் படிக்கிறது.

புதிய பதிப்பு இரண்டையும் மேற்கோள் இல்லாமல் எண்ணாக அனுப்புகிறது. அப்போது ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். '077'உம் '77'உம் ஒன்றாகிவிடுவதால் எழுத்து வரிசையில் உள்ள இன்டெக்ஸ் உதவாது.

கையால் மேற்கோள் போட்டால் இன்டெக்ஸ் மெர்ஜ் (இரண்டு இன்டெக்ஸையும் சேர்த்துப் பயன்படுத்துவது) வந்து உடனே விடை கிடைக்கிறது. அனலைஸ் டேபிள் (புள்ளிவிவரத்தைப் புதுப்பிப்பது), ஃபோர்ஸ் இன்டெக்ஸ் (இன்டெக்ஸை எடுக்க வற்புறுத்துவது) இரண்டும் பயனில்லை. காஸ்ட் வைத்து எண்ணாக மாற்றிய மதிப்பின் மேல் ஃபங்ஷனல் இன்டெக்ஸ் போட்டால், கடைசியில் 'வி' உள்ள பழைய அட்டை எண்களில் பிழை. மென்பொருளின் மூலநிரல் கையில் இல்லாததால் அதைத் திருத்தவும் முடியாது.

ரீரைட்டர் பிளகினில் (வரும் கேள்வியை ஓடுமுன் மாற்றி எழுதும் மைஎஸ்கியூஎல் இணைப்பு) இரண்டையும் எழுத்தாக மாற்றி, தொலைபேசியின் முன் 0 போகாமல் எல்பேட் (இடப்பக்கம் எழுத்து நிரப்பும் ஃபங்ஷன்) வைத்து யாராவது ஓட்டியிருக்கிறீர்களா?