எக்ஸ்ஃபோலியேஷன்: ‘உரிப்பு’ போதுமா, ‘ஏடுபிரிப்பு’ வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

சென்னைக் கல்லூரி மாணவர்களுக்கான கிராபீன் செய்முறைக் கையேட்டில், கிராபைட்டைக் கிராபீன் என்னும் ஒற்றைக் கார்பன் ஏடுகளாகப் பிரிக்கும் எக்ஸ்ஃபோலியேஷனை ‘உரிப்பு’ என்று எழுதியிருக்கிறோம். அதை ‘ஏடுபிரிப்பு’ என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். உரிப்பதென்றால் மேலே தோல், உள்ளே மிஞ்சும் பண்டம் என்று இரண்டு வேண்டும். கிராபைட்டில் அப்படி ஏதுமில்லை. 0.335 நானோமீட்டர் இடைவெளியில் படிந்த ஒரே மாதிரியான கார்பன் ஏடுகள்தாம் முழுக்க. ஒட்டிக்கொண்ட ஓலைச்சுவடியைக் கிழியாமல் ஏடு ஏடாகப் பிரிக்கிறோமே, அந்த வேலைதான் இது.

சொல் தெளிவில்லாவிட்டால் செய்முறையும் கெடும். கிராபைட்டை ஆக்சிஜனேற்றி ஏடுகளை விலக்க, வேதியியலாளர்கள் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் 1958-இல் வெளியிட்ட முறையில் ஐம்பதில் ஒரு பங்கு எடுத்தால்: கிராபைட் 2 கிராம், சோடியம் நைட்ரேட் 1 கிராம், அடர் கந்தக அமிலம் 46 மில்லிலிட்டர். ஐஸ் தொட்டியில் வைத்து, 6 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அப்போது உண்டாகிப் பச்சை நிறமாகத் தெரியும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு சூடேறினால் வெடிக்கும். பிறகு 35 டிகிரியில் கூழாகும்வரை கலக்கி, நீரைத் துளித்துளியாக விட்டு, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் பளிச்சென்ற மஞ்சள் நிறம் வரும்.

கையில் இருப்பது இன்னும் கிராபைட் ஆக்சைடுதான், கிராபீன் ஆக்சைடு அல்ல. ஆக்சிஜன் ஏறி ஏடுகள் விலகியிருக்கின்றன, பிரியவில்லை. மாணவர் பலர் இங்கேயே நிறுத்திக் ‘கிராபீன் ஆக்சைடு’ என்று குப்பியில் பெயர் ஒட்டிவிடுகிறார்கள். எக்ஸ்-கதிர் சிதறல் வரைபடத்தில் ஏடுகளின் இடைவெளியைக் காட்டும் முகடு 26.5 டிகிரிக் கோணத்திலிருந்து 11-க்கு அருகே நகர்ந்ததைச் சான்றாகவும் காட்டுகிறார்கள். அந்த நகர்வு ஆக்சிஜனேற்றத்துக்குச் சான்று, ஏடுபிரிப்புக்கு அல்ல.

*

மறுமொழி:

ஐயா, திரவத்தில் செய்வதற்கு ‘ஏடுபிரிப்பு’ மிகப் பொருத்தம். 2014-இல் டப்ளினில் கிராபைட்டை நீரும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் சேர்த்து மிக்சியிலேயே பிரித்துக் காட்டினார்கள். அதை உரிப்பு என்றால் யாருக்கும் விளங்காது. ஆனால் 2004-இல் இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் கிராபீனைப் பிரிக்க ஒட்டுநாடாவால் செய்தது அசல் உரிப்பு. நாடா முறைக்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும்.

‘அடுக்கு’ என்ற சொல்லையும் கட்டுப்படுத்த வேண்டும். ‘இரண்டு அடுக்கு’ என்றால் இரண்டு ஏடா, இரண்டு குவியலா? ஒற்றைத் தாள் ஏடு, தாள்களின் குவியல் அடுக்கு என்று வரையறுத்தால் ஓரேடு, ஈரேடு, பல்லேடு எல்லாம் தானாக அமையும். ‘நாளேடு’ நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. பாலேடு இருக்கும்போது அது பெரிய தடையாகத் தோன்றவில்லை.

*

மறுமொழி:

ஏற்கிறேன் அம்மா. உலர்த்தும்போது ஏடுகள் மீண்டும் ஒட்டிக்கொள்வதற்கு ‘மீளடுக்கம்’ என்ற சொல்லும் உங்கள் வரையறையிலிருந்தே கிடைக்கிறது. கரைசலில் நன்றாகப் பிரிந்திருந்தாலும் உலர்ந்த படலத்தில் முகடு திரும்ப வருவது இதனால்தான். நம் ஊர்க் காற்றின் ஈரம் ஏடுகளுக்கிடையே புகுந்து இடைவெளியைக் கூட்டும், மழைநாளில் முகடு இடம் மாறும். மாதிரியை டெசிகேட்டர் என்னும் ஈரம் உறிஞ்சும் மூடுகலத்தில் வைத்த பிறகே அளக்கச் சொல்ல வேண்டும்.

கழுவும் படியில் இன்னொரு சிக்கல். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவி மாங்கனீசை நீக்காமல் வெறும் நீரை ஊற்றினால், அமிலம் குறையக் குறையக் கூழ் உப்பி வடிதாளை அடைத்துவிடும். இதற்கு ‘உப்பல்’ போதும், புதுச்சொல் வேண்டாம்.

ஏழாம் படியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: “கழுவிய கிராபைட் ஆக்சைடு 100 மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் நீரில் இட்டு, சோனிகேட்டர் (மீயொலி அதிர்வுத்) தொட்டியில் 30 நிமிடம் ஏடுபிரிக்கவும். தொட்டி நீர் சூடேறினால் ஐஸ் சேர்க்கவும். நேரத்தை நீட்டினால் ஏடுகள் துண்டாகும். ஏடுபிரியாத கசடைச் சென்ட்ரிபியூஜில் சுழற்றி அடியில் இறக்கி, மேலே தெளிந்த பழுப்புக் கரைசலை மட்டும் எடுக்கவும். குப்பியில் இப்போது ‘கிராபீன் ஆக்சைடு’ என்று எழுதலாம்.”